இராகு காலமும் ஐம்பதாம் இலக்கச் சப்பாத்தும்

இத்தாலியிலே, பலெர்மோவில் ஒரு கூடைப்பந்துக் கழகத்தில் நாலு வருடம் இருந்தேன் என்று நான் சொன்னால் ஆட்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். பார்க்கட்டும். விளையாடினேன் என்று நான் எப்போது சொன்னேன்? தரை துடைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், மண்டபத்தைத் திறந்தேன், பூட்டினேன். திறப்புக் கோர்வை எந்நேரமும் இடுப்பில் தொங்கும். சாமான் அறையின் திறப்பை மட்டும் கோர்வையில் போடாமல் சட்டைப் பையில், விபூதிப் பொட்டலத்தோடு வைத்திருந்தேன். அந்த அறைக்கு ஒரே ஒரு திறப்புத்தான்.

முதல் வருடம் முழுக்க எனக்கு அந்த விளையாட்டு பிடிபடவேயில்லை. ஊரில் நான் கண்டது கரப்பந்தும் உதைபந்தும். அவற்றில் பந்து விழுந்தால் விழுந்ததுதான். இது வேறு சங்கதி. நாற்பது நிமிட ஆட்டம் என்பார்கள், கடைசி இரண்டு நிமிடம் மட்டும் அரை மணித்தியாலம் போகும். நாங்கள் வென்றுகொண்டிருக்கும்போது பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டு கத்துவார். தோற்றுக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார். அந்தக் காலத்தில் தப்பாட்டம் ஆடியவன் தானே கையை உயர்த்தி மேசையில் இருப்பவர்களுக்குக் காட்டவும் வேண்டும். பிழை விட்டவன் தானே கை தூக்குவதா? எங்கடை ஊரில் எவன் தூக்குவான்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பயிற்சியாளரை எல்லாரும் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டையான மனிதர், ஓயாமல் சிகரெட் பிடிப்பார். ஆட்டத்துக்கு முன்னால் பலகையில் வட்டமும் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடியும் அம்புக்குறியும் கீறி ஒரு மணித்தியாலம் விளக்குவார். இவ்வளவு கணக்குப் பார்க்கிற ஆள், பிறகு பொக்கற்றிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி, ஆட்டக்காரர் இருக்கும் வாங்கின் பின்னால் உப்புத் தூவுவார். தாய் கட்டிக்கொடுத்த உப்பாம். மண்ணிற மஃப்ளர் ஒன்று வைத்திருந்தார், அதை மட்டும் தோய்க்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. உப்பைக் கூட்டி அள்ளுகிறவன் நான் என்பதால், அதைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நான் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. என்னிடமும் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணன் அனுப்பிய நாட்காட்டியைச் சாமான் அறைக் கதவின் உட்புறத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். இராகு காலம் பார்க்காமல் நான் ஒரு காரியமும் செய்வதில்லை. கொழும்பில் விமானம் ஏறிய அன்று பார்க்கவில்லை. ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்தினான், நல்ல உச்ச இராகுவில் வாசற்படி தாண்டினேன். பத்து நாளில் வரவேண்டியவன், பேர் தெரியாத ஒரு நகரத்தில் பூட்டிய வீட்டுக்குள் எட்டு மாதம் கிடந்தேன். அதற்குப் பிறகு யாரும் எனக்கு இராகுவைப் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் வருடம் அந்த அமெரிக்கன் வந்தான். எங்களுடையது பெரிய பிரிவுக் கழகம் அல்ல, ஒரு வெளிநாட்டுக்காரனை வைத்திருப்பதே பெரிய பாடு. முப்பத்தொரு வயது, கறுப்பன், வாசலில் குனிந்துதான் வருவான். அவனை நான் முதலில் கண்டது மண்டபத்தில் அல்ல, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில். பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்க விடியவே வரிசையில் நிற்கிறேன், எங்கடை சனமெல்லாம் நிற்குது, நடுவில் பனை மாதிரி இவன். கடதாசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழிக்கிறான். நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என்னைக் "கப்டன்" என்று கூப்பிடத் தொடங்கினான். ஏன் கப்டன் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அவனுடைய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்காது, என்னுடையதில் பாதி அவனுக்கு விளங்காது. மற்றப் பாதிகளை வைத்துச் சமாளித்தோம்.

காலையில் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முதலே வந்துவிடுவான். அவன் எறிய எறிய, கூடைக்குள்ளால் விழும் பந்தைப் பொறுக்கி நான் திருப்பி எறிவேன். ஒரு கையில் மொப், மறு கையில் பந்து. நூறு எறிந்தால் எண்பது விழும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மட்டும் விழாது. என்ன மாயமோ! அவனுக்கும் தெரியாது, கோச்சுக்கும் தெரியாது. பலகையில் அவனுக்கென்று கீறும் அம்புக்குறி மட்டும் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது.

அவனுக்குக் கொடுத்த தவணை நத்தார்ப் பெருநாள் வரைக்கும். அதற்குள் திருப்திப்படாவிட்டால் அனுப்பிவிட்டு இன்னொருவனைக் கொண்டுவருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் மனைவியும் மூன்று வயது மகளும் நத்தாருக்கு வருவதாக ரிக்கெற் எடுத்தாயிற்று. பிரான்காச்சோவில் ஒரு தச்சுப் பட்டறையில் பிள்ளைக்குக் கட்டில் செய்வித்தான். அதை நானும் அவனுமாக பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போனோம். தன் பக்கத்தை அவன் தூக்க, என் பக்கம் சாய்ந்து சாய்ந்து விழப் பார்த்தது. கட்டிலில் பூ கீறியிருந்தது. அவன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

டிசம்பர் முதல் வாரம், வியாழக்கிழமை, அவனுடைய வலது சப்பாத்தின் அடி கழன்றது. ஐம்பதாம் இலக்கக் கால். இரண்டு பேருமாக வியா மக்வேதா கடைத்தெரு முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினோம். நாற்பத்தாறுக்கு மேல் ஒருவரிடமும் இல்லை. ஒரு கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காலைக் காட்டினார். கடைசியில் கழகம் வடக்கே யாருக்கோ போன் பண்ணி ஒரு சோடி அனுப்புவித்தது. அதுவரைக்கும் பழையதை வெள்ளை ரேப்பால் சுற்றிக் கட்டினான்.

வெள்ளிக்கிழமை ஆட்கள் இருந்து ஆட்டம் பார்க்கும் படிகளில் நீளக் கோட்டுப் போட்ட ஒருவன் வந்து இருந்தான். அவனும் அமெரிக்கன், அவனும் பனை. பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தான். பேப்பர் இத்தாலியன் பேப்பர். அவன் யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கடை ஆள் மட்டும் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"கப்டன், ஞாயிற்றுக்கிழமை நான் நல்லா விளையாட வேணும்."

 வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஊரில் கணித ரீச்சர், பலெர்மோவில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவுக்கு வீட்டுவேலை. "நீங்கள் ஏன் கிடந்து அந்தரப்படுறியள்? அவனுக்கு ரெண்டு கையும் காலும் இருக்குதானே" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம், பயிற்சி முடிந்து எல்லாரும் போனபிறகு, பெட்டி வந்தது. கோச் அதை என்னிடம் தந்து சாமான் அறையில் பூட்டச் சொன்னார். பூட்டினேன். கதவைச் சாத்தும்போது நாட்காட்டி கண்ணில் பட்டது. ஞாயிறு, இராகு காலம் 4.30 முதல் 6.00 வரை. ஆட்டம் ஆறு மணிக்கு. ஆட்டக்காரர் மண்டபத்துக்கு வருவது நாலரைக்கு. புதுச் சப்பாத்து, முதன்முதலாகக் கால் வைக்கிறது, அதுவும் இப்படி ஒரு நாளில். நான் அன்று முழுக்க அதையே யோசித்தேன். அவன் பப்டிஸ்ற் கிறிஸ்தவன், இராகு அப்படிப்பட்டவனைப் பிடிப்பானா என்றும் யோசித்தேன். என்னைப் பிடித்தவன் அவனைப் பிடிக்கமாட்டான் என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் எப்போதும் மற்றவர்களுக்கு முதலே வருகிறவன். நாலேகாலுக்குக் கையில் கொடுத்துப் போடச் செய்துவிட்டால் அலுவல் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே வாசலில் போய் நின்றுவிட்டேன். நாலேகால் ஆனது, நாலு இருபது ஆனது, ஒரு குருவியையும் காணவில்லை. எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடப் போன இடத்தில் கோச் பேசத் தொடங்கிவிட்டாராம். பாழ்படுவார் பேசி முடித்து எல்லாரும் வந்து இறங்க நாலு முப்பத்தெட்டு.

அவன் நேரே என்னிடம்தான் வந்தான். பெட்டி வந்த செய்தியைக் கோச் சொல்லியிருந்தார். அவன் முகம் அப்படியொரு வெளிச்சம்! நான் சட்டைப் பையைத் தொட்டேன். திறப்பு கையில் தட்டுப்பட்டது. வாய் தன்பாட்டில் சொன்னது, திறப்பைக் காணவில்லை என்று.

சத்தியமாய் நான் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. சொன்னபிறகு திருப்பி எடுக்கவும் முடியவில்லை. எண்பத்திரண்டு நிமிடம்தானே, ஆறு மணி அடிக்கப் 'கண்டெடுத்து'க் கொடுத்துவிடலாம், நல்ல நேரத்தில் புதுச் சப்பாத்தோடு இறங்குவான், வெல்லுவான், மகள் கட்டிலில் படுப்பாள். என் மூளையில் அது வட்டமும் புள்ளடியும் போட்டு அவ்வளவு துப்புரவாகத் தெரிந்தது.

பிறகு தேடத் தொடங்கினேன். வாங்கின் கீழ் தேடினேன். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். ஆட்டக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறடிக்கு மேற்பட்ட ஏழெட்டு ஆண்கள் முழந்தாளில் தவழ்ந்து என் திறப்பைத் தேடினார்கள், அது என் நெஞ்சில் கிடந்து குத்தியது. கதவு இரும்பு, இடித்துப் பார்த்தார்கள், அசையவில்லை. கோச் என் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் சிசிலியன் மொழியில் ஏசினார், பிறகு கதவுக்கு முன்னால் உப்புத் தூவினார். அமெரிக்கன் மட்டும் என்னை ஏசவில்லை. பழையதற்குப் புது ரேப் சுற்றிக்கொண்டே, பரவாயில்லை கப்டன், பதறாதே என்றான். அப்போது கொடுத்திருக்கலாம். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து பத்து. இன்னும் ஐம்பது நிமிடம் இராகு இருக்கிறதே என்று நினைத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஐந்தரை தாண்டி, உடம்பு சூடாக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் பந்தோடு எழும்பி, கூடையைத் தொட்டு, இறங்கினான். ரேப் கழன்று சப்பாத்தின் அடி ஒரு பக்கம் போக, கால் மறுபக்கம் போனது. மண்டபத்தில் ஆட்கள் நிறையத் தொடங்கிய நேரம், அவ்வளவு இரைச்சல். எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தரையில் கிடந்து, வலது கணுக்காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் விளங்குவதில்லை. அவன் விழுந்தாயிற்று. இனி எந்த நேரம் கொடுத்தாலென்ன? அப்படியிருந்தும் நான் ஆறு மணி வரைக்கும் நின்றேன். ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு மொப் வாளிக்குள் கையை விட்டு, திறப்பைக் கண்டெடுத்தேன். படியில் இருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். உதவிப் பயிற்சியாளர் என் உச்சியில் முத்தம் கொடுத்தார். நான் பெட்டியைக் கொண்டுபோய் அவனிடம் நீட்டினேன். கால் ஐஸ்கட்டிப் பைக்குள் இருந்தது. அவன் புதுச் சப்பாத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முழு ஆட்டமும் அப்படியே இருந்து பார்த்தான். நாங்கள் படுதோல்வி. நீளக் கோட்டுக்காரன் இடைவேளையோடு எழும்பிப் போனான்.

திங்கட்கிழமை மனைவி வேலையால் வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சீசா என்கிற வட்டாரத்தில் இருந்த எங்கள் வீட்டுக் குசினி இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.  ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, நேற்று எத்தினை மணிக்கு இருட்டினது?"

 ஐந்து மணிக்கு லைற் போட்டது ஞாபகம் வந்தது.

"அந்தக் கலண்டர் காலமை ஆறுக்கு உதிச்சுப் பின்னேரம் ஆறுக்குப் படுற சூரியனுக்கு எழுதினது. இஞ்சை மார்கழியிலை ஏழு தாண்டி உதிச்சு, அஞ்சுக்கு முதலே படுது. பகலை எட்டாப் பிரிச்சு, ஞாயிற்றுக்கிழமையிலை கடைசிப் பங்குதான் ராகு. இது கூடத் தெரியாமலோ இவ்வளவு நாளும் பாத்தனீங்கள்?"

பாண் சுற்றி வந்த கடதாசியில் பென்சிலால் கணக்குப் போட்டாள். அவள் ஒரு விரல்கூட மடிக்கவில்லை, அவ்வளவு கெதி. ஞாயிற்றுக்கிழமை பலெர்மோவில் இராகு காலம் மூன்று முப்பத்தைந்துக்குத் தொடங்கி நாலே முக்காலுக்கு முடிந்துவிட்டது. அவன் வந்து என்னிடம் கை நீட்டிய ஏழாவது நிமிடத்தில் இராகு போய்விட்டான். நான் தேடித் தேடி ஓடிய அந்த நேரம் முழுவதும் நல்ல நேரம்.

"நீங்கள் நினைச்ச மாதிரி நாலேகாலுக்குக் குடுத்திருந்தால்தான், சரியா ராகுவுக்குள்ளை குடுத்திருப்பியள்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், என் முகத்தைக் கண்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

 அப்படியென்றால் கொழும்பில் நான் ஏறிய நேரம்? அது சரியான இராகுதான், அங்கே சூரியன் ஆறுக்கு ஆறு. இங்கே மூன்று வருடமாக நான் தள்ளிவைத்ததும் செய்ததும்? எல்லாம் பிழையான சூரியனுக்கு. பிழையான நேரத்தில் செய்தவையெல்லாம் நன்றாகத்தானே நடந்தன? அப்படியென்றால் இராகு இருக்கிறானா இல்லையா? அவளிடம் கேட்டேன். தான் கணக்கு மட்டும்தான் படிப்பித்தவள் என்றாள்.

செவ்வாய்க்கிழமை கோச்சிடம் போனேன். வேலை போனாலும் பரவாயில்லை என்றுதான் போனேன். திறப்பு என்னிடம் இருந்தது, பிழை என்னுடையது, அவனைக் கால் சுகமாகும்வரை வைத்திருங்கள் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். என்னை அறியாமலே வலது கையைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறேன், தப்பாட்டம் ஆடியவன் மாதிரி. ஏன் ஒளித்தாய் என்று கேட்டார். பாண் கடதாசியை மேசையில் விரித்து இராகு காலத்தை விளக்கினேன்.

அவர் சிகரெட்டை அணைத்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீளக் கோட்டுக்காரனோடு நேற்றே கையெழுத்தாகிவிட்டது என்றார். இவன் நல்ல காலோடு நன்றாக ஆடியிருந்தால் தான் தலைவரோடு சண்டை பிடித்திருக்கலாம் என்றார். சண்டை பிடித்தால் வைத்திருப்பார்களா என்று கேட்டேன். வைத்திருக்கலாம், வைக்காமலும் விட்டிருக்கலாம் என்றார். எனக்கு அழுகை வந்தது. ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன? நான்தான் கெடுத்தேன் என்றாவது, நான் கெடுக்கவில்லை என்றாவது யாராவது ஒருவர் சொன்னால் என்ன?

எழும்பிப் போகப் பார்க்க, அவர் என் கையைப் பிடித்து இருத்தினார். கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"வாற ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணிக்கு?"

நான் சொன்னேன். அவர் பலகையில், வட்டங்களுக்கும் புள்ளடிகளுக்கும் நடுவில், அதை எழுதி, இரண்டு கோடு அடித்தார்.

புதன்கிழமை அமெரிக்கன் தன் சாமான்களை எடுக்க வந்தான். ஒரு கக்கத்தில் ஊன்றுகோல், வலது காலில் கட்டு. வெளியே டாக்சி நின்றது. மனைவிக்குப் போன் பண்ணி ரிக்கெற்றை நிற்பாட்டச் சொல்லிவிட்டானாம். கட்டிலை என்ன செய்வது என்று தெரியவில்லை, மூன்றாம் மாடியிலேயே விட்டுவிட்டான். அலுமாரியைக் காலி செய்துவிட்டு, அன்றைக்கு நீ பைத்தியக்காரன் மாதிரி ஓடி ஓடித் தேடினாய், இந்த ஊரில் எனக்காக யாரும் அப்படி ஓடவில்லை என்றான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

திறப்பு என் பையில் இருந்தது என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, திரும்பவும் சொன்னேன். கெட்ட நேரம், எங்கள் நாட்டுக் கணக்கு, நீ வெல்ல வேண்டும் என்று நினைத்தேன், சூரியனைப் பிழையாகக் கணக்குப் போட்டேன். பாதி ஆங்கிலத்தில், பாதி கையில். அவன் திறப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். அடிப்பான் என்றால் அடிக்கட்டும் என்று நின்றேன். அவன் வாங்கில் குந்தித் தரையைப் பார்த்தான். அந்தத் தரையை நான் அன்று காலைதான் துடைத்திருந்தேன்.

டாக்சிக்காரன் ஹோன் அடித்தான். அவன் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பினான்.

"கப்டன், இப்ப எப்பிடி? நான் போற நேரம் நல்லதோ?"

நக்கலாகக் கேட்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் கேட்டான். பிள்ளை மருந்துக்குக் கை நீட்டுவது போல நின்றான்.

சுவரில் மணிக்கூடு பன்னிரண்டு இருபது. புதன்கிழமை. அண்ணனின் நாட்காட்டியில் இராகு பன்னிரண்டு முதல் ஒன்றரை. மனைவியின் பென்சில் கணக்கில் பன்னிரண்டு முதல் ஒன்று பத்து. ஊர்ச் சூரியனும் பலெர்மோச் சூரியனும் ஒரே பேச்சாக நின்றது அந்த ஒரு நேரத்தில்தான். அவனுடைய விமானம் இரண்டு மணிக்கு, இராகு முடியும்வரை நின்றால் அது போய்விடும்.

"ஓம், நல்ல நேரம்" என்றேன். "போயிட்டு வா."

அவன் தலையாட்டினான். சப்பாத்துப் பெட்டியை நான் கொண்டுபோய் டாக்சியில் வைத்தேன்.